ஐம்பத்தெட்டு எப்படி நாற்பத்தொன்று ஆனது

எங்கள் ஆய்வகத்தில் மொத்தம் மூன்று பேர். மூவரும் படித்தவர்கள், மூவரும் நல்லவர்கள். ஆனால் மூவரில் ஒருவரைக்கூட ஒரு ரகசியத்தோடு ஐந்து நிமிடம் தனியே விட முடியாது. இது என் கண்டுபிடிப்பு அல்ல, எங்கள் பேராசிரியரே ஒப்புக்கொண்டது. சார் டெல்லி கரோல் பாக்கில் பிறந்து வளர்ந்த பஞ்சாபி. ரகசியம் இருக்கும் கவரைத் தன்னிடம் மட்டும் கொடுத்துவிட வேண்டாம், குளிக்கப் போகிற சாக்கில் பிரித்துப் பார்த்துவிடுவேன் என்று இந்தியில் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். இரண்டாவது ஆள் லக்னோக்காரன். என்னோடு ஆராய்ச்சி செய்பவன், லேசர்களெல்லாம் அவன் பொறுப்பு. பேச்சில் மரியாதை வழியும், ஆனால் அடுத்தவர் டிபன் டப்பாவைக் கேட்காமல் திறப்பான். மூன்றாவது நான். என் யோக்கியதை போகப் போகத் தெரியும்.

என்ன ரகசியம் என்று சொல்வதற்கு முன்னால் நாங்கள் என்ன வேலை செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், ஒரு ஊஞ்சலை நினைத்துக்கொண்டால் போதும்.

ருபீடியம் என்று ஓர் உலோகம். அதன் அணுக்களை வெற்றிடத்துக்குள் விட்டு, லேசர் ஒளியால் நாலா பக்கமும் மடக்கி, அவற்றின் ஓட்டத்தைக் குறைத்துக் குறைத்துக் குளிர வைப்போம். எவ்வளவு குளிர் என்றால், இதற்குக் கீழே குளிரே கிடையாது என்ற எல்லைக்கு மேல் ஒரு டிகிரியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இருக்காது. டெல்லி ஜனவரியில் பக்கெட் தண்ணீரில் குளித்தவர்களிடம்கூட இதைச் சொல்லி நம்ப வைக்க முடிந்ததில்லை. அந்த அணுக் கூட்டத்தைக் காந்தத்தால் பிடித்து ஒரு கண்ணாடித் துண்டுக்கு மிக அருகே கொண்டுபோவோம். இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குதான். அங்கே வைத்து ஊஞ்சல் ஆட்டுவது போல அதை ஆட்டுவோம். நடுவில் காற்றுகூட இல்லை, கண்ணாடி அணுக்களைத் தொடுவதும் இல்லை. இருந்தாலும் லேசாகத் தன் பக்கம் இழுக்கும். அந்த இழுப்பால் ஊஞ்சலின் வேகம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு குறையும். அந்தக் குறைவை அளந்தால் இழுக்கிற விசை எவ்வளவு என்று தெரியும். என் வாழ்க்கையின் ஆறு வருடம் அந்தப் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் போனது.

அந்த இழுப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் எப்போதோ கணக்குப் போட்டு வைத்துவிட்டார்கள். நாங்கள் அளந்தது அதோடு ஒத்துப்போனால் எனக்கு டாக்டர் பட்டம். ஒத்துப்போகாவிட்டால் இரண்டில் ஒன்று. யாருக்கும் தெரியாத ஒரு விசையைக் கண்டுபிடித்திருப்போம், அல்லது எங்கள் கருவியில் எங்களுக்குத் தெரியாத ஒரு கோளாறு இருக்கும். எப்போதும் நடப்பது இரண்டாவதுதான். கோளாறைத் தேடிப் பிடித்து முதலிலிருந்து அளக்க வேண்டும். என் உதவித்தொகையோ அந்த டிசம்பரோடு முடிகிறது. பிப்ரவரியில் பெங்களூரில் ஒரு வேலை காத்திருந்தது, பட்டத்தோடு வந்தால்தான் உண்டு. வீட்டில் எனக்காகப் புது குக்கர்கூட வாங்கி வைத்துவிட்டார்கள்.

இப்படி ஆசையோடு அளக்கிறவர்களுக்காகவே எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. விடை எப்படி வர வேண்டும் என்று தெரிந்துகொண்டு வேலை செய்தால், அது வந்த உடனே தேடுவதை நிறுத்திவிடுவோம். வராவிட்டால் வரும்வரை குறை கண்டுபிடித்துக்கொண்டே இருப்போம். இது கெட்ட புத்தி இல்லை, மனித புத்தி. அதனால் வெளியாள் ஒருவர் ஒரு எண்ணைக் கணினிக்குள் ரகசியமாகப் போடுவார். கணினி அதை எங்கள் ஒவ்வொரு அளவோடும் கூட்டித்தான் காட்டும், கூட்டித்தான் சேமிக்கும். என்ன கூடியிருக்கிறது என்று தெரியாததால் விடை சரியா தப்பா என்று எங்களால் சொல்ல முடியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு நேர்மையாக எல்லாவற்றையும் சரிபார்த்து, இதுதான் எங்கள் முடிவு என்று மூவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்த எண்ணைப் பிரித்துக் கழிக்க வேண்டும். பிரித்த பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது.

சார் இதில் இன்னும் ஒரு படி மேலே போனார். அளந்து முடிக்கிற நாளில் கணினி அந்த எண்ணைத் தன்னிடமிருந்து அழித்துவிட வேண்டும் என்றார். அதன் பிறகு அது இருக்கிற ஒரே இடம், அந்த வெளியாள் ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வைத்திருக்கும் கவர். ஒரு நகலாவது வேண்டாமா என்று லக்னோக்காரன் கேட்டான். நகல் இருந்தால் அது என்ன ரகசியம் என்று அவன் வாயை அடைத்தவள் நான்தான். ஆறு வருட உழைப்பின் சாவியை ஒரே ஒரு காகிதத்தில் எழுதி வைக்கிற முட்டாள்தனம் மெத்தப் படித்தவர்களுக்கு மட்டும்தான் வரும்.

வெளியாளாக யாரைப் பிடிப்பது என்பதில் சண்டையே வரவில்லை. எங்கள் மாடியைக் கூட்டித் துடைக்கிற அக்கா. ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கும்போது உள்ளே வர அனுமதி பெற்ற ஒரே மனிதர் அவர்தான். லக்னோக்காரன் நாற்காலியில் சாய்ந்தாலே அளவு ஆடும், அக்கா வாளியை வைத்தால் ஆடாது. ஜங்புராவில் பாராபுல்லா சாக்கடை ஓரமாக இருந்த மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் அவர் வீடு, பூர்வீகம் கள்ளக்குறிச்சிப் பக்கம். எங்கள் வீட்டில் பேசுவது திருநெல்வேலி. கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் வளர்ந்து புசா ரோடு தமிழ்ப் பள்ளியில் படித்தவள் நான். அந்தக் கட்டடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே தமிழ் பேசினோம். முதல் நாளே அவரை அக்கா என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் என்னைவிட இரண்டு வயது சின்னவர் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் அவரும் என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. அக்கா என்றால் என் பெயர் என்று ஒரு வருடமும், அவர் பெயர் என்று ஒரு வருடமும் லக்னோக்காரன் நினைத்துக்கொண்டிருந்தான்.

எண் போடுகிற சடங்கு முந்தின வருட நவம்பரில் நடந்தது. கணினித் திரைமேல் சாரின் கோட்டைப் போர்த்தினோம். ஒன்றிலிருந்து தொண்ணூற்றொன்பதுக்குள் ஏதாவது ஒன்று என்று நான் அக்காவிடம் சொன்னேன். நாங்கள் மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம், ஸ்கூலில் தண்டனை வாங்கியது மாதிரி. இரண்டு தட்டு, அப்புறம் ஒரு தட்டு. சீட்டில் எழுதுகிற சத்தம். கவரை ஒட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, இதை என்ன செய்வது என்று கேட்டார். வீட்டில் பத்திரமாக வைத்திருங்கள், யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், நானே வந்து கேட்டாலும் சொல்லாதீர்கள் என்றேன்.

"நீங்க கேப்பீங்களாக்கா?"

கேட்பேன் என்று உண்மையைச் சொன்னேன். அச்சா என்று தலையாட்டிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தார்.

டிசம்பரிலேயே கேட்டேன். அப்போது விளையாட்டாகத்தான். இருபதுக்கு மேலா கீழா என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். காலைத் தூக்குங்கள், தரை ஈரம் என்றார். ஜனவரியில் ஃபில்டர் காபி போட்டு பிளாஸ்கில் கொண்டுபோனேன். குடித்துவிட்டு, டிகாஷன் கொஞ்சம் தண்ணீராக இருக்கிறது என்றார். பிப்ரவரியில், இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்பதில் ஒரு ரகசியமும் இல்லை என்று அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இவ்வளவு நேரம் பேசுகிற ஆள் எப்படி வாயைத் திறக்காமல் ஊஞ்சல் ஆட்டுகிறீர்கள் என்று கேட்டார்.

ஏப்ரலில் அளந்து முடித்தோம். சொன்ன சொல் தவறாமல் கணினி எண்ணை அழித்தது. என் வேலை, சேர்ந்திருந்த அளவுகளையெல்லாம் சுத்தம் செய்து ஒரே விடையாக்குவது. மே மாதத்தில் அது ஓரளவு உருவானது. அக்காவின் எண்ணை வைத்தே சொன்னால் சுலபமாகப் புரியும். பெரியவர்கள் போட்ட கணக்கு சரியென்றால், கவருக்குள் ஐம்பத்தெட்டு இருக்க வேண்டும். இரண்டு மூன்று முன்னே பின்னே இருக்கலாம். ஐம்பத்தெட்டு இருந்தால் எனக்குப் பெங்களூர்.

அந்த வெயிலில்தான் மதராசி கேம்பை இடித்தார்கள். இடிக்கப் போகிறார்கள் என்று பல மாதமாகவே பேச்சு இருந்தது. அக்கா இரண்டு மூன்று தடவை என்னிடம் சொல்லியிருந்தார். ஐயோ என்று நானும் சொல்லியிருந்தேன், சொல்லிவிட்டு லேசர் பக்கம் திரும்பியிருந்தேன். பிறகு ஆறு நாள் அவர் வரவில்லை. போனில் புல்டோசர் படங்கள் வந்தன. தகரமும் செங்கல்லும் குவிந்து கிடந்த படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் அந்தக் குவியலில் எதைத் தேடினேன் என்று சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஏழாம் நாள் காலை வராந்தாவில் வாளிச் சத்தம் கேட்டது. ஓடினேன். கண் சிவந்து, முகம் கறுத்து நின்றார். நான் கேட்ட முதல் கேள்வி இது:

"ஏக்கா, கவர் பத்திரமா இருக்கா?"

இதை எழுதுகிற கையாலேயே என்னை ஓங்கி ஒரு அறை அறையலாம் போலிருக்கிறது. அன்று அப்படித் தோன்றவில்லை. அன்று தோன்றியதெல்லாம், பையில் இருக்குது என்று அவர் சொன்னதும் ஒரு பெரிய நிம்மதி. அதோடும் விடவில்லை. பயம் நல்ல சாக்காக வாய்த்தது. இனிமேல் எங்கெங்கோ அலைய வேண்டியிருக்குமே, கவர் தொலைந்துவிட்டால் என்ன ஆவது, எண்ணை மட்டும் என்னிடம் சொல்லி வையுங்கள், மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன், எடுத்துப் பார்க்கவே மாட்டேன் என்றேன். மனசுக்குள் வைத்துக்கொண்டு எப்படிப் பார்க்காமல் இருப்பது என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாப்பத்தொண்ணு" என்றார். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவருக்கு டெல்லியின் வடகோடி நரேலாவில் மாற்று வீடு கிடைத்ததையும், தினமும் இரண்டு பஸ்ஸும் ஒரு மெட்ரோவும் மாறி வருவதையும் வாசல் காவலர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு அப்போது வேறு துக்கம் இருந்தது. கவருக்குள் நாற்பத்தொன்று என்றால் என் ஐம்பத்தெட்டு தப்பு. கண்ணாடி இழுக்க வேண்டியதைவிடப் பதினேழு அதிகமாக இழுக்கிறது. பெங்களூர் போச்சு, குக்கர் போச்சு.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு எண்ணைக்கூடத் திருத்தவில்லை. காரணங்கள் தேடினேன், அவ்வளவுதான்.

எங்கள் வேலையில் ஒரு தொல்லை உண்டு. ஆடுகிற அணுக்களில் சில கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியவை ஒரு மின்புலத்தை உண்டாக்கி, அடுத்து வருபவற்றைக் கூடுதலாக இழுக்கும். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் கண்ணாடியைச் சூடாக்கி அவற்றை விரட்டுவோம். திங்கட்கிழமை கண்ணாடி சுத்தம். அப்படியானால் சனிக்கிழமை? ஒரு வார அழுக்கு சேர்ந்திருக்குமே! சனிக்கிழமை அளவுகளை எல்லாம் எடுத்து வெளியே போட்டேன். ஐம்பத்தெட்டு ஐம்பத்துமூன்று ஆனது. மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. சனி அழுக்கு என்றால் வெள்ளி மட்டும் என்ன ஒழுங்கு? வெள்ளியையும் எடுத்தேன், நாற்பத்தொன்பது. சில ஞாயிறுகளில் கரண்ட் போய், சூடாக்கியது பாதியில் நின்றிருந்தது. அந்த வாரங்களையும் தூக்கினேன், நாற்பத்தைந்து. மார்ச்சில் பக்கத்துக் கட்டடத்தில் இரண்டு வாரம் துளை போட்டார்கள். அப்போது அதைப் பற்றிக் கவலைப்படாமல்தான் அளந்தோம். இப்போது நினைத்துப் பார்த்தால் காது கிழிகிற சத்தம். மார்ச்சும் போனது. நாற்பத்தொன்று.

நாற்பத்தொன்று வந்ததும் காரணம் தேடுவது தானாக நின்றுவிட்டது. ஏப்ரலில் யாரோ வேலைக்காரர்கள் எங்கள் சுவரையே உடைத்தார்கள் என்று யாராவது சொல்லியிருந்தாலும் நான் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டேன். எந்த வியாதிக்காக அந்தக் கவர் வழக்கம் வந்ததோ, அந்த வியாதி எனக்கு முற்றிப்போயிருந்தது. ஆனால் கண்ணாடியில் பார்த்தால் ஆரோக்கியமாக இருந்தேன், ராத்திரி நன்றாகத் தூங்கினேன், எடைகூட ஏறியது.

சனிக்கிழமைகளை ஏன் எடுத்தாய் என்று சார் ஒரு தடவை கேட்டார். ஒட்டிய அணுக்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன், வண்ணப் படங்களோடு. அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இவ்வளவு கறாரான ஆளை நான் பார்த்ததில்லை என்று லக்னோக்காரனிடம் சொன்னாராம். அவன் என் கறாரைப் புகழ்ந்து ஒரு முழு டப்பா மட்டரி, அவன் ஊர்த் தட்டை, கொண்டுவந்து கொடுத்தான். கூச்சமில்லாமல் தின்றேன்.

அக்டோபரில் மூவரும் கையெழுத்துப் போட்டோம். கவர் பிரிக்கிற நாளைச் சார் விழாவாகவே ஆக்கிவிட்டார். கோல் மார்க்கெட்டிலிருந்து சமோசாவும் கலாகந்த் இனிப்பும் வந்தன. அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து, அவர் கையாலேயே பிரிக்கச் சொன்னார். எனக்குப் படபடப்பு எதுவும் இல்லை. படபடப்பு இருப்பது போல நடிப்பது எப்படி என்பதுதான் என் கவலை. கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

அக்கா சீட்டை எடுத்துச் சாரிடம் நீட்டினார். சார் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இந்தியில் சத்தமாகப் படித்தார். ஐம்பத்தொன்பது.

என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது.

"நாப்பத்தொண்ணுன்னுல்லா சொன்னீங்க!"

சொன்னேன் என்றார் அக்கா, சமோசாவைப் பிட்டுக்கொண்டே.

அந்த அறையில் அந்த நிமிடம் ஒரு திருடி தன் திருட்டை உரக்க ஒப்புக்கொண்டாள். கேட்டவர்களில் ஒருத்திக்குத்தான் தமிழ் தெரியும். சார் என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறாய் என்று கேட்டார். ஐம்பத்தொன்பதுதானா என்று சரிபார்த்தேன் என்று இந்தியில் சொன்னேன். நாக்கு எவ்வளவு சுலபமாகப் புரண்டது என்று எனக்கே ஆச்சரியம்.

அதற்குள் சார் கழித்துப் பார்த்துவிட்டார். நாற்பத்தொன்றுக்கும் ஐம்பத்தொன்பதுக்கும் நடுவில் பதினெட்டு. கண்ணாடி இழுக்க வேண்டியதைவிடக் குறைவாக இழுக்கிறது. அழுக்கு, மின்புலம் எல்லாம் இழுப்பைக் கூட்டத்தான் செய்யும், குறைக்காது. நாங்களோ வழக்கத்தை மீறாமல், கண்ணைக் கட்டிக்கொண்டு, கறாராக அளந்தவர்கள். சார் சீட்டை மேஜைமேல் வைத்தார். நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னலுக்குப் போனார், ஜன்னலிலிருந்து கதவுக்கு வந்தார். முப்பது வருடமாக யாரோ போட்ட கணக்கைச் சரிபார்த்தே காலம் தள்ளிய மனிதர். புதிதாக ஒன்று என்று மெதுவாகச் சொன்னார், சொல்லிவிட்டு, அவசரப்படக் கூடாது என்று தன்னையே அதட்டிக்கொண்டார். லக்னோக்காரன் அம்மாவுக்கு போன் போட்டுவிட்டான்.

நான் அங்கே நின்றுகொண்டு மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் ஐம்பத்தெட்டு. கவரில் ஐம்பத்தொன்பது. இதைவிட அழகாக ஒத்துப்போக முடியாது. பட்டம், பெங்களூர், குக்கர் எல்லாம் மே மாதமே என் மேஜைமேல் இருந்திருக்கின்றன. சனிக்கிழமை சனிக்கிழமையாக எடுத்து நானே அவற்றைக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். சார் ஏன் இப்படி நடக்கிறார் என்று தணிந்த குரலில் கேட்டார். புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கிறார் என்றேன்.

"கண்டுபிடிச்சிருக்கீங்களா?"

"இல்லைக்கா."

"அப்ப ஜல்தியா சொல்லிடுங்க. அவரும் யாருக்காச்சும் போன் போட்டுடப் போறாரு."

சார் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லிவிட்டேன். இந்தியில், உடைந்த வாக்கியங்களில், ஜூன் மாதத்திலிருந்து மார்ச் மாதத் துளைச் சத்தம் வரை முன்னும் பின்னுமாக. லக்னோக்காரன் போனில் அம்மாவிடம் அப்புறம் பேசுகிறேன் என்றான். அவன் குரலில் இருந்த மரியாதை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தோடு தீர்ந்துபோனது.

சார் சமோசா ஒன்றை எடுத்து முழுவதையும் தின்று முடித்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். சனிக்கிழமைகளை எடுத்தபோது அவை அழுக்கு என்று நிஜமாகவே நம்பினாயா? நிஜமாகவே நம்பினேன் என்றேன். அதுவும் உண்மைதான். வெறும் பொய் என்றால் மன்னிக்கக்கூட எனக்கு ஒரு இடம் இருந்திருக்கும் என்றார்.

தூக்கி எறிந்ததையெல்லாம் திரும்பப் போட்டு ஐம்பத்தெட்டுக்கே போய்விடலாமே என்று அன்று மாலை கேட்டுப் பார்த்தேன், அற்ப ஆசை யாரை விட்டது. எண்ணைப் பார்த்த பிறகு எண்ணுக்குத் தோதான விடைக்குத் திரும்புவதும் அதே திருட்டுதான் என்றார் சார். முதலிலிருந்து அளக்க வேண்டும், புது எண், புது கவர். சுத்தம் செய்து விடை காண்கிற வேலை இந்த முறை லக்னோக்காரனுக்கு. எனக்கு ஊஞ்சல் ஆட்டவும் ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியைச் சூடாக்கவும் மட்டும் அனுமதி. பெங்களூர் வேலை வேறு யாருக்கோ போனது. குக்கரை அம்மா உபயோகிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அக்காமேல் எனக்குக் கோபம் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே! பொய் எண் எதற்கு? ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் மத்தியானம் அவர் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறபோது போய் எதிரே நின்று கேட்டேன். நாற்பத்தொன்று என்று எங்கிருந்து எடுத்தீர்கள்?

உருளைக்கிழங்கைச் சோற்றோடு பிசைந்துகொண்டே சொன்னார். "இடிக்கிறதுக்கு முன்னால சர்வே எடுக்க வந்தாங்க இல்ல. வீட்டுக்கு வீடு செவுத்துல பெயிண்ட்ல நம்பர் போட்டாங்க. அது எங்க வீட்டு நம்பர். அன்னைக்கு என்னை யார் பாத்தாலும் வீடு என்னாச்சுன்னுதான் கேட்டாங்க. நீங்களும் அதத்தான் கேக்க வந்தீங்கன்னு நெனைச்சேன்."

அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. தட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். நான் அவருக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்துகொண்டேன். ஜூனிலிருந்து அக்டோபர் வரை வெள்ளியையும் சனியையும் மார்ச்சையும் வெட்டி வெட்டி, நான் பாடுபட்டுப் போய்ச் சேர்ந்தது அந்தச் சுவருக்குத்தான். அந்தச் சுவர் இல்லாமல் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. இடித்த அன்று என்ன நடந்தது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை.

கேட்டேன். சொன்னார். மத்தியான இடைவேளை முடிந்தும் சொன்னார். பிறகு தட்டைக் கழுவிக்கொண்டு வந்தபோது, நரேலாவில் புது வீடு எப்படி, அதற்கு என்ன நம்பர் என்று கேட்டேன்.

"அத மட்டும் சொல்லமாட்டேன்க்கா" என்றார் சிரித்துக்கொண்டே. "சொன்னா அதுக்கும் ஒரு கணக்குப் போட்டுக் கொண்டாந்துடுவீங்க. ஒரு ஞாயித்துக்கெழம நேர்ல வந்து பாருங்க."